கனம் முன்னாள் முதல் மந்திரி அவர்களுக்கு

போன வாரம் காலைப் பத்திரிகை எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதிக்கு வந்தபோது, அதைப் பிடுங்கிக்கொண்டு படித்தவர்களில் நானும் ஒருத்தி. பல வருஷங்கள் முதலமைச்சராக இருந்தவர் பதவியை விட்டு விலகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவர் படத்துக்குக் கீழே "முன்னாள் முதலமைச்சர்" என்று அச்சிட்டிருந்தார்கள். என் அறைத் தோழி பெருமூச்சு விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடி?" என்றாள்.

"நான் அவரைப் பல வருஷத்துக்கு முந்தியே முன்னாளாக்கிட்டேன். எழுதியே குடுத்தேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. அன்று சாயங்காலம் விடுதிக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே முழுதும் சொன்னேன். "இதை எழுதி வை. இல்லாட்டி நீயே கொஞ்ச நாள்ல மாத்திச் சொல்ல ஆரம்பிச்சிருவே" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஊரில் ஏற்கெனவே மூன்று நான்கு விதமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவாடானைக்குக் கிழக்கே, கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் நெல், அரைக் கண்மாய் என்றால் மிளகாய், காய்ந்துவிட்டால் கூலி வேலை. அப்பா எங்களுக்கு அய்யா, அம்மா ஆத்தா. அய்யாவுக்கு நிலம் இல்லாததால் எல்லா வருஷமும் கூலி வேலைதான். சாலைக் கூலி. கப்பிச் சாலையில் குழி விழுந்த இடங்களில் சல்லி கொட்டி, செம்மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, மேலே கல் உருளையை இழுப்பார்கள். அந்த உருளை என் உயரம் இருந்தது. அதன் இரும்புச் சட்டத்தில் வடம் கட்டிப் பத்துப் பேர் இழுப்பார்கள். எல்லோருக்கும் முன்னால், வடத்தின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு குரல் கொடுத்து அடி எடுத்து வைப்பவருக்கு முன்னாள் என்று பெயர். உருளைக்குப் பின்னால் நின்று, இறக்கத்தில் அது ஓடிவிடாமல் கயிற்றைப் பிடித்துக்கொள்பவர் பின்னாள். முன் ஆள், பின் ஆள், அவ்வளவுதான். பேச்சில் "முன்னாளு", "பின்னாளு" என்பார்கள்.

எங்கள் அய்யா முன்னாள். அவர் கால் எடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் எடுத்து வைப்பார்கள். அவர் நின்றால் உருளை நிற்கும். அவருடைய வலது தோளில் வடம் பட்டுப் பட்டு ஒரு காய்ப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் யாராவது "உங்க அய்யாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "முன்னாளு" என்று தலையை நிமிர்த்திச் சொல்வேன். பெரிய உத்தியோகம் என்றே நினைத்திருந்தேன். இப்போதும் அந்த எண்ணம் முழுதாகப் போய்விடவில்லை.

எங்கள் வீட்டில் எழுத்து அறிந்த முதல் ஆள் நான். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரே வாத்தியார். மாகாணத்தை ஆண்ட மந்திரிகளின் பெயர்களை அவர் எங்களுக்கு வரிசையாக ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தார். "முந்தியெல்லாம் பிரதம மந்திரின்னு சொல்லுவாக. இப்ப முதல் மந்திரி. பரீட்சையில மாத்தி எழுதிராதீக" என்பார். பெயர்கள் எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரிதான் இருந்தன. அய்யாவின் கூட்டாளிகளுக்கு அந்தப் பெயர்களெல்லாம் தெரியாது. அவர்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். "செம்மண்ணு மட்டும் போட்டமே, அப்ப வந்தவரு", "பாலத்துக்கு வெள்ளையடிச்சமே, அப்ப வந்தவரு", "வர்றேன்னு சொல்லி வராமப் போனாரே, ரோடு மட்டும் நல்லாயிருச்சே, அவரு" என்று பழைய பெரிய மனிதர்களையெல்லாம் சாலையை வைத்தே அடையாளம் சொல்வார்கள்.

ஐந்தாம் வகுப்பில் என் வாசகப் புத்தகத்துக்குப் பழைய பத்திரிகைத் தாளில் அட்டை போட்டிருந்தேன். அட்டையின் முன்பக்கத்தில் ஒரு படம் வந்து விழுந்திருந்தது. கழுத்து நிறைய மாலையுடன் ஒருவர் மேடையில் நிற்கிறார். அவர் காலடியில் கூட்டம். கீழே "முன்னாள் முதல் மந்திரி" என்று பெரிய எழுத்து. ஒரு வருஷம் முழுதும் தினமும் அந்த எழுத்தைப் பார்த்தேன். யாரிடமும் பொருள் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? முதல் மந்திரிகள் பலர் இருப்பார்கள். அவர்களில் முன்னால் நின்று இழுப்பவர் முன்னாள் முதல் மந்திரி.

ஐந்தாவது முடிந்ததும் என் படிப்பும் முடிந்துவிடும் என்பது வீட்டில் பேசி வைத்த விஷயம். ஆறாவது படிக்கத் திருவாடானைக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் ஒரு பெண்பிள்ளையைத் தனியாக நடக்க விட ஆத்தா ஒப்பவில்லை. தொண்டிப் பக்கம் இருந்த என் தாய்மாமா வீட்டில் அத்தைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் வந்துவிடுவேன் என்று ஆத்தா தன் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே போனால் திரும்பி வருவது கல்யாணத்துக்காகத்தான் இருக்கும். எனக்கு அது தெரிந்தே இருந்தது.

அந்தச் சித்திரையில் திடீரென்று அய்யாவுக்கு வேலை அதிகமானது. ஓவர்சீயர் சைக்கிளில் ஒரே நாளில் இரண்டு தடவை வந்தார். குழி எல்லாம் அடைபட்டது. பாலத்துக்கு மறுபடி வெள்ளை அடித்தார்கள். அய்யா வீட்டுக்கு வந்து தோளில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "முதல் மந்திரி வாராராம். நம்ம ரோட்டுலதேன் போறாரு."

நான் அப்போதே எழுந்து வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். நம் ஊருக்கு ஆறாவது வேண்டும் என்று மனு எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எழுதக் கூடாது தாயி. சம்பளம் வாங்குற ஆளு மேல உள்ளவுகளுக்கு மனுப் போட்டா வேலைக்கு ஆபத்து. என் எழுத்தைப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவாக. நீயே எழுது. புஸ்தகத்துல விண்ணப்பம்னு ஒரு பாடம் இருக்குல்ல, அதைப் பாத்து எழுது. எடம் ஊராரே தர்றோம்னு ஒரு வரி சேத்துக்க. அதைத்தேன் முதல்ல கேப்பாக."

இரண்டு முழுத்தாளும், பாதி மை இருந்த ஒரு புட்டியும் கொடுத்தார். மறுநாள் கோடை விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போய்விட்டார். பயந்த மனிதர். ஆனால் அந்தத் தாளும் மையும் இல்லையென்றால் இனி எழுதப்போகும் எதுவும் நடந்திருக்காது.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினேன். பாடத்தில் "கனம்" என்று தொடங்கச் சொல்லியிருந்தது. கனம் எனக்குப் புரிந்த சொல். உருளையும் கனம்தான். கனத்தை இழுக்க முன்னாள் வேண்டும். வெறுமனே முதல் மந்திரி என்று எழுதினால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று யோசித்து, என் அழகான எழுத்தில் இப்படித் தொடங்கினேன்: "கனம் முன்னாள் முதல் மந்திரி அவர்கள் சமூகத்திற்கு, கிராமத்தார் தாழ்மையுடன் எழுதிக்கொண்ட மனு." ஆறாம் வகுப்புக்கு வரக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதினேன். முதல் பெயர் என்னுடையது.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்களுக்குத் துணியை மையில் நனைத்துப் பெருவிரலில் தடவி நானே கைநாட்டு வாங்கினேன். ஆத்தாவிடம் கடைசியாகப் போனேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மாவு இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார்.

"ஓட்டுப் போடயில எனக்கும் விரல்ல மை வச்சாக. பேரு சொல்லுன்னு கேட்டாக, சொன்னேன். அன்னைக்குத்தேன் என் பேரை நானே சத்தமாக் கேட்டேன். அவரு நம்ம போட்ட ஓட்டுல வந்தவரு. கேட்டா என்ன?" என்று சொல்லி விரலை நீட்டினார். "கேக்கிறது கேக்கிறது. நீ மாமா வீட்டுக்குப் போறது போறது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதே."

முதலமைச்சர் வருகிற அன்று காலையிலேயே ஊர் சாலையோரம் திரண்டுவிட்டது. சாலைக் கூலிகள் உருளையைப் பனைமரத்தடிக்குத் தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், கார் வரும்போது ஒருத்தரும் சாலையில் கால் வைக்கக் கூடாது என்று ஓவர்சீயர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்ப் பெரியவரை அம்பலம் என்போம். மாலை அவர் கையில். மனுவும் அவர்தான் கொடுப்பது என்று ஏற்பாடு. நான் அய்யாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அம்பலத்தின் மருமகன் திருவாடானையில் வக்கீல் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொழுது போகாமல் மனுவை வாங்கிப் பிரித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"மாமா, இதை யாரு எழுதுனது?"

"உருளை இழுக்கிறவன் மக. மணி மணியா இருக்குல்ல எழுத்து?"

"மணி மணியாத்தேன் இருக்கு. முன்னாள் முதல் மந்திரின்னு எழுதி வச்சிருக்கா."

"சரி, அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? முன்னாள்னா பதவி போனவருன்னு அர்த்தம். முன் நாள். முந்தி ஒரு நாள்ல இருந்தவரு. பதவியில இருக்கிற மனுசன் கையில, உம்ம பதவி போச்சுன்னு எழுதி, ஊரே கைநாட்டு வச்சுக் குடுக்கப் போறீகளா?"

கூட்டத்தில் ஒரு கிழவர் வாயில் கை வைத்தார். "ஆத்தீ! உசுரோட இருக்கிறவருக்குக் கருமாதிப் பத்திரிகை அடிச்ச மாதிரியில்ல இருக்கு!"

சிரித்தவர்களும் உண்டு, என்னைத் திட்டியவர்களும் உண்டு. முன் ஆள் இல்லை, முன் நாள். அந்த ஒரு நொடியில் என் புத்தக அட்டையில் இருந்த மாலை போட்ட மனிதர் பதவி இழந்து கீழே இறங்குவதைப் பார்த்தேன்.

அய்யா மட்டும் நகரவில்லை. "அது எப்பிடிங்க குமாஸ்தா அய்யா? இருவது வருசமா நான் முன்னாளு. எனக்கு வேலை போயிருச்சா?"

"அது வேற, இது வேறப்பா."

"எழுத்து ஒண்ணுதேனே?"

குமாஸ்தா மறுபடி தாளைப் பார்த்தார். "அடிச்சுத் திருத்தலாமா?" என்று யாரோ கேட்டார்கள். அடித்தல் திருத்தல் உள்ள மனுவை ஆபீசில் சீந்த மாட்டார்கள் என்றார் அவர். புதிதாக எழுதவும் முடியாது. மை வீட்டில், கைநாட்டு வைத்தவர்கள் கூட்டத்தில் மூலைக்கு ஒருவராக நின்றார்கள். அம்பலம் தாளை மடித்து என் கையில் திணித்தார்.

"இந்தா தாயி. நான் மாலையை மட்டும் போட்டுக்கிறேன். மனு இன்னொரு தடவை பாத்துக்கிருவோம்."

இன்னொரு தடவை முதலமைச்சர் எங்கள் சாலையில் வருவதற்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கும். தாளைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன். மேற்கே புழுதி தெரிந்தது.

கார்கள் வந்தன. மாலைக்காக முதல் கார் நின்றது. அம்பலம் குனிந்து ஜன்னல் வழியாக மாலையை நீட்டிக்கொண்டிருந்தார். அய்யா என் முதுகில் கை வைத்தார்.

"குடு, போ."

"தப்பா எழுதிட்டேன்யா."

"வார்த்தைதேன் தப்பு. கேக்கிறது பள்ளிக்கூடம். அதுல என்ன தப்பு? வா, நான் முன்னால போறேன்."

ஓவர்சீயர் பல்லைக் கடித்துக்கொண்டு "ஏலே, ஏலே" என்றார். அய்யா தான் கொட்டிய சல்லியின் மேல், தான் இழுத்த உருளை அமுக்கிய மண்ணின் மேல் ஏறி நடந்தார். பின்னால் நான்.

காரின் முன் ஸீட்டிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி இறங்கியிருந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் படித்தார். புருவம் உயர்ந்தது.

"யார் எழுதினது இது?"

"நாந்தேன்."

"முன்னாள்னு ஏம்மா போட்டிருக்கே?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "முன்னால நிக்கிற ஆளுன்னு நெனைச்சுட்டேன். அந்தா கெடக்குல்ல உருளை, அதுல எங்க அய்யா முன்னாளு. அவரு இழுத்தாத்தேன் எல்லாரும் இழுப்பாக. அதே மாதிரின்னு நெனைச்சு எழுதுனேன்."

அதிகாரி பனைமரத்தடி உருளையைப் பார்த்தார். அய்யாவின் தோளைப் பார்த்தார். பிறகு பின் ஜன்னலில் குனிந்து உள்ளே இருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

அப்போது முதலமைச்சர் என்ன செய்தார் என்பதில்தான் எங்கள் ஊரில் இன்றுவரை சண்டை. வாய்விட்டுச் சிரித்தார் என்பார் அய்யா. சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார் என்பார் அம்பலம். பெண்கள் கூட்டத்தோடு தூரத்தில் நின்ற ஆத்தா, "உங்க அய்யாவைப் பாத்துக் கும்பிட்டாரு, நான் பாத்தேன்" என்று சத்தியம் செய்வார். நான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரே தடவை அவ்வளவு பக்கத்தில் நின்றும் அவர் முகத்தைப் பார்க்காமல் விட்டேன். அதிகாரியின் கையில் பேனா இருந்தது. அது என் மனுவைக் குறுக்கே அடித்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனா அடிக்கவில்லை. ஓரத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதியது. கீழே ஒரு கோடு போட்டது.

"இடம் ஊரார் தருவதா எழுதியிருக்கே. எந்த இடம்?"

அந்த வரியை வாத்தியார் சொன்னதற்காக எழுதினேனே தவிர, எந்த இடம் என்று நானும் யோசிக்கவில்லை, ஊரும் யோசிக்கவில்லை. சாலைக்கு மறுபுறம் அம்பலத்தின் மிளகாய்க் கொட்டகை தெரிந்தது. புது ஓடு வேய்ந்த நீளமான கொட்டகை.

"அம்பலத்து அய்யா கொட்டகை" என்று கையைக் காட்டிவிட்டேன்.

எல்லோரும் அம்பலத்தைப் பார்த்தார்கள். அதிகாரி பார்த்தார். காருக்குள் இருந்தவரும் பார்த்திருக்க வேண்டும். அம்பலத்தின் விரல்களில் மாலையின் நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்கய்யா... தர்றேன். தர்றதாத்தேன் இருந்தேன்."

கார் போன பிறகு அவர் என்னைத் தேடி வந்தார். "ஏண்டி, என் கொட்டகையைத் தானம் பண்ண நீ யாருடி? மிளகாயை உங்க வீட்டுலயா கொண்டாந்து போடட்டும்?" என்று கத்தினார். சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை. நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். கார் திரும்பி வரவா போகிறது? இதை நான் அவரிடம் நேரில் சொல்லி நன்றி சொன்னதில்லை. சொன்னால் மறுபடி கத்துவார்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கடிதம் வரவில்லை. ஊரில் எனக்கு "முன்னாளு" என்றே பெயர் விழுந்துவிட்டது. "ஏய் முன்னாளு, உன் பள்ளிக்கூடம் வந்துருச்சா? இல்ல, அதுவும் முன்னாளாயிருச்சா?" என்று தண்ணீர் எடுக்கப் போகும்போது கேட்பார்கள். வைகாசி முடிந்ததும் மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். ஆத்தா என் பாவாடைகளை மடித்து ஒரு துணியில் கட்டினார். புத்தகத்தையும் வைத்துக்கொண்டேன். வண்டி பாலத்தைத் தாண்டும்போது அய்யா உருளையோடு எதிரே வந்தார். வடத்தைத் தோளிலிருந்து இறக்கவில்லை. இறக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

மாமா வீட்டில் என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. வேலை இருந்தது, அவ்வளவுதான். பெரிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுவேன். காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலேட்டுடன் போவார்கள். நான் வாசலில் நின்று பார்த்தால் அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "மந்திரிக்கே எழுதுன கையி, இந்தப் பாலாடையைக் கொஞ்சம் கழுவக் கூடாதா?" சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பிள்ளைக்குப் பால் புகட்டும் அந்தப் பாலாடையைக் கழுவுவேன். பிள்ளைகள் தூங்கும்போது மணலில் விரலால் எழுதிப் பார்ப்பேன். முன் நாள், முன் ஆள். எழுதி எழுதி அழிப்பேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் உச்சி வெயிலில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் சந்துக்குள் நடந்து வந்தார். கிட்ட வந்த பிறகுதான் அய்யா என்று தெரிந்தது. வேலை நாளில் அவரை உருளை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன். அவர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"கெளம்பு."

மாமா எழுந்து வந்தார். "என்ன மச்சான், திடுதிப்புனு?"

"ஆறாவது வந்துருச்சு. உத்தரவு வந்து நாலு நாளாச்சு. இன்னொரு வாத்தியாரும் வந்துட்டாரு."

"வந்தா வரட்டும். ஊருல பிள்ளைகளுக்கா பஞ்சம்? இங்கன இவ இல்லாட்டி ரெண்டையும் யாரு பாக்கிறது?" என்றார் அத்தை.

"நீதேன்மா பாக்கணும். உன் பிள்ளைகதானே" என்றார் அய்யா. வார்த்தையில் கோபமே இல்லை. அத்தை தன்னையும் மீறிச் சிரித்துவிட்டார். உள்ளே போய் ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "போ. போயி நல்லாப் படி. என் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கவாவது வருவேல்ல?" அந்தப் பிள்ளைகளில் மூத்தவள் போன வருஷம் என்னிடம்தான் கணக்குக் கற்றுக்கொண்டாள்.

திரும்பி நடக்கும்போது அய்யாவிடம் கேட்டேன். "ஆத்தா என்னய்யா சொல்லுச்சு?"

"ஆத்தாதேன் என்னைய அனுப்புச்சு."

என்னால் நம்ப முடியவில்லை. அய்யா மெதுவாகச் சொன்னார். உத்தரவைப் படித்துக் காட்ட பழைய வாத்தியார் ஊர்க் கூட்டத்துக்கு வந்தாராம். மனுவில் எழுதிய பிள்ளைகள் உண்மையாகவே இருக்கிறார்களா என்று இன்ஸ்பெக்டர் வந்து பெயர் கூப்பிட்டுப் பார்ப்பார், இல்லையென்றால் வகுப்பைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றாராம். ஆத்தா வீட்டுக்கு வந்து தன் பெருவிரலை அய்யாவிடம் காட்டிச் சொன்னாராம்: "இந்த விரலை வச்சுல்ல கேட்டேன். பந்தியில உக்காந்து சோறு கேட்டுட்டு, போட்ட பிறகு எந்திரிச்சுப் போற மாதிரியில்ல இருக்கு. அந்த மனுசன் நம்மளை என்னன்னு நெனைப்பாரு? போயிக் கூட்டிட்டு வா. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்த மனுசன் எங்களை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார். ஒரு நாளில் எத்தனை ஊர், எத்தனை மனு. எங்களுடையது அந்தக் காருக்குள் ஒரு காகிதம். ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஆத்தா நம்பினார். அந்த நம்பிக்கைக்கு வெட்கம் வரக் கூடாது என்றுதான் தன் தம்பிக்குக் கொடுத்த வாக்கை மாற்றினார். நான் ஆறாவது படித்தது அரசாங்க உத்தரவால் பாதி, ஆத்தாவின் ரோஷத்தால் பாதி.

ஊர் எல்லைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆத்தா என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. "தலையில எண்ணெயே வைக்கலையா அங்கன?" என்று மட்டும் கேட்டுவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து உட்கார வைத்தார்.

மறுநாள் காலை மிளகாய்க் கொட்டகைக்குப் போனேன். அம்பலம் மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கி, நடுவில் ஓலைத் தட்டி கட்டி மறைத்திருந்தார். தரையைச் சாணம் போட்டு மெழுகியிருந்தார்கள். ஆனால் எத்தனையோ வருஷத்து மிளகாய் நெடி ஓட்டிலும் சுவரிலும் ஏறியிருந்தது. உள்ளே நுழைந்த உடனே மூக்கில் ஏறியது. புதிதாக வந்த வாத்தியார் வெளியூர்க்காரர். கண்களைத் துடைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் பதினோரு பேர். ஒருவர் மாற்றி ஒருவர் தும்மினோம். ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவருக்குச் சிரிப்பு, சிரித்தால் அவருக்கும் தும்மல்.

வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பிரித்தார். மனுவில் இருந்த வரிசையிலேயே பெயர்கள். முதல் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தார். தும்மல் வந்துவிட்டது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். மறுபடி தும்மல். மூன்றாவது தடவை ஒரு வழியாக என் பெயர் முழுதாக வெளியே வந்தது.

நான் எழுந்து நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கொட்டிக்கொண்டிருந்ததால் யாரும் என்னைத் தனியாகப் பார்க்கவில்லை.

"உள்ளேன் ஐயா" என்றேன்.